பதின்மூன்று மில்லிமீட்டர்

ஜூன் 3, திங்கள்

வண்டியின் நான்கு டயர்களும் முடிந்துவிட்டன. வண்ணார்பேட்டையில் சிந்தா மதார் பாயின் டயர் கடைக்குக் காற்றுப் பிடிக்கப் போன இடத்தில் அவர்தான் காட்டினார். டயரின் பள்ளங்களுக்குள்ளே குறுக்காக ஒரு சின்ன மேடு வைத்திருக்கிறார்கள். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் போய்விட்டது என்று அர்த்தம். முன்னால் இரண்டும் சமமாகிவிட்டன. பின்னால் இன்னும் ஒரு மயிரிழை.

"மழைக்கு முன்னால மாத்திருங்க சார். தண்ணி ரோட்டுல பிரேக் அடிச்சா நிக்காது."

எப்சி உள்ளே உட்கார்ந்தபடியே கண்ணாடியை இறக்கினாள். "பாய், இந்தத் தடவ பதினேழு இஞ்சு சக்கரம் போட்டுருவமா?"

"டீச்சர், வண்டி வாங்குன வருசமே இதத்தான கேட்டீங்க!"

"அப்ப காசு இல்ல. இப்ப இவருதான் வேண்டாங்காரு."

நான் காற்றுக்குக் காசைக் கொடுத்தேன்.

வண்டி எப்சியுடையது. ஆறு வருடத்துக்கு முன், தன் நாற்பத்தேழாவது வயதில், தன் சம்பளத்தில் வாங்கினாள். பார்க்கச் சிறிய சிவப்பு வண்டி. உள்ளே டர்போ என்ஜின். பாளையங்கோட்டையில் பிசிக்ஸ் டீச்சர் ஒருத்தி இப்படி ஒரு வண்டி வாங்குவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நான் சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். வண்டியில் அறுபதைத் தாண்டாதவன். பிப்ரவரியிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். அவளுக்கு முதுகுவலி.

ஜூன் 6, வியாழன்

மதுரைக்குப் போய்வந்தோம். போக மூன்று மணி நேரம், வர மூன்றரை.

முதுகுவலி என்று எழுதியது சரியில்லை. மூன்று வருடத்துக்கு முன் மார்பில் வந்து, அறுவை செய்து, போய்விட்டது என்று ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டோமே, அந்த நோய் ஜனவரியில் முதுகெலும்பில் திரும்பி வந்திருக்கிறது. வியாழன்தோறும் மதுரையில் மருந்து ஏற்றுகிறார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து மதுரை ஆஸ்பத்திரி வாசல் வரை பாலங்களின் இணைப்புகள், வேகத்தடைகள், ஒட்டுப்போட்ட இடங்கள் எல்லாம் சேர்த்து நூற்றுப் பதினெட்டு. இன்று எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் எப்சி கதவுக்கு மேலே இருக்கும் பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தும் அந்தக் கை தானாக மேலே போகிறது. திரும்பும்போது கயத்தாறு தாண்டி ஒரு பள்ளத்தை நான் கவனிக்கவில்லை. அவள் கத்தவில்லை. "ம்" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 8, சனி

காலையில் நான்கு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். முப்பத்துமூன்றிலிருந்து இருபத்தெட்டு. மார்க்கெட் வரை தனியாக ஓட்டிப் பார்த்தேன். மெத்தென்று இருக்கிற மாதிரி தெரிந்தது. கத்தரிக்காயும் நெத்திலியும் வாங்கினேன். எப்சி நெத்திலி நாற்றம் வேண்டாம் என்றாள்.

ஜூன் 10, திங்கள்

மதார் பாய் திட்டினார். "காத்தக் கொறச்சுக்கிட்டா மதுரைக்கு ஓட்டப் போறீக? ஓரம் தேயும், சூடேறும், வெடிச்சா யாரு பதில் சொல்லது? உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க சார், நான் வழி சொல்லுதேன்."

என்ன வேண்டும் என்று சொன்னேன். கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். பிறகு, "அப்ப பதினேழக் கனவுல கூட நெனைக்காதீங்க. சக்கரத்தச் சின்னதாக்கணும், ரப்பரப் பெருசாக்கணும்" என்றார்.

ஜூன் 13, வியாழன்

மதுரை. எப்சிக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பத்து நிமிடம். "நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

திரும்பும்போது கோவில்பட்டியில் டீ குடித்தோம். எப்சி கடலைமிட்டாய் வாங்கச் சொன்னாள். ஒரு துண்டு தின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் டயர் அளவுகளைப் பார்க்க உட்கார்ந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

டயரின் பக்கத்தில் 195/55 R16 என்று எழுதியிருக்கிறது. நூற்றுத்தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர் அகலம். அதில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கு பக்கச்சுவரின் உயரம், அதாவது சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவே நிற்கும் ரப்பர். நூற்றேழு மில்லிமீட்டர். பதினாறு அங்குலச் சக்கரம்.

இதே வண்டியின் விலை குறைந்த மாடலுக்குப் பதினைந்து அங்குலச் சக்கரம் வருகிறது. 185/65. கணக்குப் போட்டால் ரப்பர் நூற்றிருபது மில்லிமீட்டர். மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். வேகம் காட்டும் முள்கூடத் தப்பாது.

பதின்மூன்று மில்லிமீட்டர் கூடுதல். என் சுண்டுவிரலின் அகலம். அவ்வளவு ரப்பர் அவள் முதுகுக்கும் சாலைக்கும் நடுவே கூடுதலாக இருக்கும்.

எப்சி கேட்கும் பதினேழில் தொண்ணூற்றிரண்டுதான்.

இரண்டு தடவை சரிபார்த்தேன். கணக்கு சரி.

ஜூன் 15, சனி

மதார் பாய் பதினைந்து அங்குலச் சக்கரம் ஒன்றை எடுத்து முன்னால் மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தார். "இந்த மாடலுக்கு பிரேக்கு டிஸ்க்கு பெருசு, உரசுமோன்னு ஒரு சந்தேகம். உரசல. நூல் எடம் இருக்கு."

டயரில் இரண்டு வகை வைத்திருந்தார். ஒன்று மென்மையானது, சத்தமில்லாதது. இன்னொன்று கொஞ்சம் கெட்டி, ஆனால் நீடித்து உழைக்கும்.

"வண்டிய எத்தன வருசம் வச்சிருப்பீங்க சார்? அதப் பொறுத்துத்தான் சொல்ல முடியும்."

கடைக்குள் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்காத மாதிரி நின்றேன். மறுபடியும் கேட்டார்.

"அஞ்சு வருசம்" என்றேன்.

"அப்ப நல்லது. ரெண்டுமே அஞ்சு வருசம் வரும்."

மென்மையானதைச் சொல்லிவிட்டு வந்தேன். வரவழைக்க நான்கு நாள் ஆகுமாம்.

ஜூன் 16, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. எப்சி படுத்தபடியே பன்னிரண்டாம் வகுப்புக்கு வினாத்தாள் எழுதினாள். மருத்துவ விடுப்பில் இருப்பவளிடம் யாரும் கேட்கவில்லை, தானாக எழுதுகிறாள். ஏதாவது வேண்டுமா என்றேன். "பதினேழு இஞ்சு" என்று சிரித்தாள்.

"பக்கச்சுவர் கொறஞ்சா ரப்பர் வளையுறது கொறையும். ஸ்டியரிங்கத் திருப்புன உடனே வண்டி திரும்பும். நடுவுல நின்னு உங்கள மாதிரி யோசிக்காது."

டாக்டர் பேசியதை இன்று சொல்லலாம் என்று இருந்தேன். நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாளை பார்க்கலாம்.

ஜூன் 20, வியாழன்

மதுரை. ரத்த அணுக்கள் குறைந்துவிட்டன, மருந்து ஏற்ற முடியாது, மூன்று நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். நாகர்கோவிலிலிருந்து பியூலா அக்கா வந்துவிட்டார். எப்சியின் அக்கா. அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களுடைய அப்பா சபையில் உபதேசியார். பைபிளில் ஏசாயா புத்தகத்தின் ஒரே வசனத்திலிருந்து இரண்டு பெண்களுக்கும் பெயர் எடுத்தவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் ஆத்திர அவசரத்துக்கு அக்காதான்.

நாளைக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 21, வெள்ளி

துணி எடுத்தேன். சக்கரங்களையும் மாற்றினேன். மதார் பாய் கூடவே உட்கார்ந்து வந்தார். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேல் வேண்டுமென்றே ஏற்றினேன். தூக்கிப்போடவில்லை. வண்டி லேசாகக் குனிந்து நிமிர்ந்தது.

"தொட்டில் மாதிரி இருக்கு சார்" என்றார்.

நிம்மதியாக இருந்தது. எத்தனையோ நாள் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலையில் பியூலா அக்கா ரயிலேறிப் போய்விட்டார். பத்து மணிக்கு எப்சியைச் சக்கர நாற்காலியில் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் வண்டியைப் பார்த்தாள். முன் சக்கரம், பின் சக்கரம். கண் சக்கரத்திலேயே நின்றது. பிறகு ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். நான் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

கப்பலூர் சுங்கச்சாவடி தாண்டியது. திருமங்கலம் தாண்டியது. அவள் கை மேலே பிடிக்குப் போகவேயில்லை. பாலத்து இணைப்புகளில் வண்டி மிதந்து போயிற்று. நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

விருதுநகர் தாண்டி வாயைத் திறந்தாள்.

"யாரக் கேட்டு மாத்தினீங்க?"

"உனக்கு வலிக்காதுல்லா. இப்ப வலிக்கா?"

"வலிக்கல. மெத்தையில படுத்துப் போற மாதிரி இருக்கு. ரோடே தெரியல." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா நீங்க பதினேழு போட்டிருப்பீங்க."

கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்தேன்.

"இந்த மருந்து முடிஞ்சதும் நான் ஓட்டுவேன்னு நீங்க நம்பியிருந்தா எனக்குப் புடிச்சதத்தான் போட்டிருப்பீங்க. கொஞ்சம் வலிச்சாலும் பொறுத்துக்கோ எப்சி, பெறகு ஓட்டுறவ நீதானன்னு சொல்லியிருப்பீங்க. இது படுத்துட்டுப் போறவளுக்கு வாங்குன டயரு."

சாத்தூருக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரம் கட்டினேன். கல்லீரலுக்கும் பரவியிருப்பதை, மருந்து இனிக் கேட்கப்போவதில்லை என்பதை, டாக்டர் மாதக்கணக்கில்தான் பேசினார் என்பதைச் சொன்னேன். பத்து நாள் வைத்திருந்ததைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் அழவில்லை. "வண்டிய எடுங்க, பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிக்கான்" என்றாள்.

ஜூன் 24, திங்கள்

பேசவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

பேசவில்லை. கஞ்சி குடித்தாள்.

ஜூன் 26, புதன்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து சொன்னாள்.

"அந்தப் பத்து நாளு என்னுது. அத நீங்க எடுத்துக்கிட்டீங்க."

"உன்னக் கஷ்டப்படுத்த வேண்டாம்னுதான்…"

"தெரியும். அதனாலதான் கோவம் வர மாட்டேங்குது. வந்தா நல்லாயிருக்கும்."

மடித்த துணியை மறுபடியும் பிரித்து மடித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 4, வியாழன்

மதுரை. இந்தத் தடவை என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எப்சி மட்டும் டாக்டரிடம் பேசினாள். முக்கால் மணி நேரம். வெளியே வந்தவள், "இனி வியாழக்கிழமை நமக்கு லீவு" என்றாள். மருந்து ஏற்றுவது நின்றுவிட்டது. வலிக்கு மட்டும் மாத்திரை. வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸின் நம்பர் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 11, வியாழன்

எங்கும் போகவில்லை. ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டேன். வண்டியைக் கழுவினேன். ஆலைக்குப் போயிருக்கலாம், விடுப்பு சொல்லியிருந்ததால் போகவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

"மதுரைக்குப் போக வேண்டாம்னு ஆயிட்டு. இனி அந்தப் பதினஞ்சு எதுக்கு?" என்று எப்சி ஆரம்பித்தாள். பியூலா அக்கா இங்கே வந்து தங்கி ஒரு வாரமாகிறது. கையில் மாத்திரை டப்பாவோடு நின்றுவிட்டார்.

"என்ன சொல்லுதா இவ?"

"பதினேழு போட்டு ஒரு தடவ நாகர்கோவில் ரோட்டுல காவல்கிணறு வரைக்கும் போயிட்டு வரணும் அக்கா. அவ்வளவுதான்."

"ஒன் முதுகெலும்பு உளுத்த கட்ட மாதிரி இருக்கு. நான் ஸ்கேன் படத்தப் பாத்தேன். ஒரு குலுக்கல் போதும்."

"படத்த நானும் பாத்தேன்."

"தம்பி, நீங்க சொல்லுங்க. புத்தியுள்ளவரு நீங்க" என்று அக்கா என் பக்கம் திரும்பினார். எப்சியும் என்னைப் பார்த்தாள்.

வேலை இருக்கிறது என்று வெளியே வந்துவிட்டேன். முருங்கை மரத்தடியில் வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன்.

ஜூலை 17, புதன்

மதார் பாய்க்கு போன் செய்தேன். பதினேழு அங்குலத்தில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். "டீச்சரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஜூலை 20, சனி

கடை வாசலில் வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதில் தன் கடைத் தலையணை இரண்டை வைத்து, மதார் பாய் எப்சியை உட்கார வைத்தார். மூன்று வகைச் சக்கரங்களை அவள் முன்னால் சாய்த்துவைத்தார். வெள்ளிநிறத்தில் பத்து ஆரக்கால். கறுப்பில் பூவேலை மாதிரி வெட்டியது. சாம்பல் நிறத்தில் வெறும் ஐந்து ஆரக்கால்.

"கறுப்புதான் டீச்சர் இப்ப எல்லாரும் போடுதாங்க."

"எட எவ்வளவு?"

"எடையா?"

"ஒவ்வொண்ணும் எத்தன கிலோ?"

பாய் தலையைச் சொறிந்தார். இருபத்தைந்து வருடத்தில் சக்கரத்தின் எடையைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றார். பக்கத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கறுப்பு பத்தரைக் கிலோ. வெள்ளி ஒன்பது எண்ணூறு. சாம்பல் எட்டுக்கும் கொஞ்சம் குறைவு.

"இதுதான்" என்றாள் எப்சி. "சக்கரம் கனமா இருந்தா பள்ளத்துல எறங்கி ஏறச் சோம்பேறித்தனப்படும். லேசா இருந்தா ரோட்ட விட்டுக்கொடுக்காது."

"பாக்கச் சாதாரணமா இருக்கே டீச்சர்."

"ஓடும்போது யாரு பாக்கா?"

டயருக்கும் அவளே கேள்வி கேட்டாள். ஈரத்தில் எது நன்றாகப் பிடிக்கும், எதன் ரப்பர் இளக்கமானது. பாய் ஒன்றைக் காட்டிவிட்டுத் தயங்கினார். "நல்லாப் புடிக்கும். ஆனா சீக்கிரம் தேஞ்சிரும். முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் வரும்."

"முப்பதாயிரம் எனக்குத் தாராளம் பாய்."

அவள் சிரித்தாள். பாய் சிரிக்கவில்லை. குனிந்து தராசின் தட்டைத் துடைத்தார். பதினைந்து அங்குலச் சக்கரங்களை அவரே திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி மாட்டி முடிக்கும்வரை எப்சி நாற்காலியை விட்டு அசையவில்லை. முகம் வெளிறியிருந்தது. போகலாமா என்று மூன்று தடவை கேட்டேன். "நட்டு முறுக்குறதப் பாத்துட்டுப் போவோம்" என்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

கடையிலிருந்து வீட்டுக்கு வந்த நான்கு கிலோமீட்டருக்கே இரண்டு மாத்திரை கூடுதலாகத் தேவைப்பட்டது. பியூலா அக்கா என்னிடம் பேசுவதில்லை. சமையலறையில் பாத்திரங்களின் சத்தம் மட்டும் கேட்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

எப்சி நர்ஸிடம் கேட்டு, மாத்திரை எத்தனை மணி நேரத்தில் முழுதாக வேலை செய்யும் என்று ஒரு தாளில் வரைபடம் போட்டு வைத்திருக்கிறாள். ஐந்து மணிக்கு விழுங்கினால் ஆறிலிருந்து எட்டு வரை. தானே ஓட்ட வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. கால் மரத்துப்போகிறது என்பதை எனக்கு முன்பே அவள் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 3, சனி

மாத்திரை காலை ஐந்து மணிக்கு. புறப்பட்டது ஆறு பத்து. நாங்குநேரி வரை அறுபது. அதன் பிறகு எப்சி சொன்ன வேகம். காவல்கிணற்றில் திரும்பினோம். வீடு வந்தது எட்டு ஐந்து. சாலையில் ஈரமில்லை. காற்று மேற்கிலிருந்து. டயர் சத்தம் பதினைந்தைவிட அதிகம்.

வேறு எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எப்சியால் எழுந்து உட்கார முடியவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆம்புலன்ஸில் கொண்டுபோய்ப் படம் எடுத்தோம். முதுகில் இரண்டு எலும்புகள் நொறுங்கியிருக்கின்றன. இனி நடக்க முடியாது.

தாழ்வாரத்தில் வைத்து பியூலா அக்கா சொன்னார்: "நான் காலப் புடிச்சுக் கேக்காத கொறையாக் கேட்டேன். அவ கேட்டா, சரி, அவளுக்கு ஆச. உங்களுக்கு எங்க போச்சு புத்தி?"

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. அங்கே எல்லோருக்கும் அவரவர் பாடு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வீட்டுக்கு வரும் நர்ஸிடம் தனியாகக் கேட்டேன். வண்டியில் போகாமலிருந்தால் நொறுங்கியிருக்காதா? "இந்த நிலையில தும்மினாக்கூட நொறுங்கும் சார்" என்றாள். எனக்காகச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா? கேட்க நினைத்தேன். ஆலையில் ஒரு மாதிரியை மூன்று தடவை சோதித்துப் பார்ப்போம். இதை ஒரு தடவைதான் செய்ய முடியும். பதினைந்து அங்குலத்திலேயே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சோதிக்க முடியாது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

படுக்கையைத் திருப்பிப்போட்டோம். முதுகில் புண் வராமல் பவுடர் போடுவது எப்படி என்று அக்கா காட்டிக்கொடுத்தார். வார்த்தையில்லாமல், கையால்.

ஆகஸ்ட் 22, வியாழன்

எப்சி பகலில் தெளிவாக இருந்தாள். இந்த நோட்டைக் காட்டி, "என்ன எழுதுதீங்க?" என்றாள். சும்மா வண்டி விஷயம் என்றேன்.

"நான்தான கேட்டேன். அத உங்க பேருல எழுதாதீங்க."

எழுதவில்லை என்றேன்.

"பொய் சொல்லுதீங்க. மூஞ்சி காட்டுது."

ஆகஸ்ட் 31, சனி

வலிக்கு மாத்திரை போய் இப்போது தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை. அதிகம் தூங்குகிறாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

போதகர் வந்து திருவிருந்து கொடுத்தார். அப்பத்தில் ஒரு துணுக்கு. விழுங்க வெகு நேரம் ஆயிற்று. நாங்கள் எல்லோரும் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலை பத்து நாற்பது. நானும் பியூலா அக்காவும் பக்கத்தில் இருந்தோம். வெயில் கட்டில்வரை வந்திருந்தது.

செப்டம்பர் 18, புதன்

அடக்கம் முடிந்தது. பள்ளியிலிருந்து இரண்டு பஸ் நிறைய வந்திருந்தார்கள். மதார் பாய் கடையை அடைத்துவிட்டு வந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா இன்று மாலையே நாகர்கோவில் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

வண்டியை எடுத்து மூன்று வாரமாகிறது. பேட்டரி இறங்கிவிடும் என்று பத்து நிமிடம் ஓடவிட்டேன். எங்கும் போகவில்லை.

அக்டோபர் 19, சனி

மழை. தபாலில் எப்சிக்குப் பள்ளியின் ஓய்வூதியப் படிவங்கள் வந்தன. அவள் பெயரை எழுதிப் பக்கத்தில் "மறைந்த" என்று போட வேண்டியிருந்தது. பேனாவை மூடிவைத்துவிட்டேன். நாளைக்கு எழுதலாம்.

நவம்பர் 10, ஞாயிறு

மத்தியானம் கேட் சத்தம் கேட்டது. பியூலா அக்கா. குடையை மடக்கிக்கொண்டு நின்றார். எப்சியின் சேலைகளில் இரண்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பீரோவைத் திறந்துவிட்டேன். சேலைகளை எடுக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். காபி போட்டுக் கொடுத்தேன். ஆறும்வரை கையில் வைத்திருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். ரெண்டு மாசமா உறக்கமில்ல எனக்கு."

"கேளுங்கக்கா."

"அன்னைக்கு வண்டியில… அவ வலியில கத்தினாளா? நீங்க ரெண்டு பேரும் வந்து எறங்குனப்ப வாயே தெறக்கல. நானும் கேக்கல. எனக்கு அந்தச் சத்தம் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. நான் கேக்காத சத்தம்."

அன்று நான் எழுதாமல் விட்டதை அக்காவிடம் சொன்னேன். இப்போது இங்கேயும் எழுதுகிறேன்.

நாங்குநேரி வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தாள். ஒவ்வொரு பள்ளமும் அப்படியே மேலே வந்தது. திரும்பிவிடலாம் என்றேன். "இப்பதான் ரோடு தெரியுது, ஓட்டுங்க" என்றாள். வள்ளியூர் தாண்டியதும் சாலை புதிதாகப் போட்டது, பாய் விரித்த மாதிரி. எண்பது என்றாள். எண்பதுக்குப் போனேன். நூறு என்றாள். அதற்கும் போனேன். முன்னால் ஒரு பஸ். பிரேக்கில் காலை வைத்தேன். "வைக்காதீங்க, வலது பக்கம் காலி. திருப்புங்க" என்றாள். திருப்பினேன். வண்டி நின்று யோசிக்கவில்லை. கை திரும்பிய கணத்தில் அதுவும் திரும்பி, பஸ்ஸைத் தாண்டி, மறுபடி தன் தடத்துக்கு வந்துவிட்டது. நான் அப்படி ஒருநாளும் ஓட்டியதில்லை.

"அப்ப அவ என்ன செஞ்சா?"

"சிரிச்சாக்கா."

"சிரிச்சாளா?"

"சத்தம் போட்டுச் சிரிச்சா. பனகுடி வர்ற வரைக்கும் நிறுத்தல. டாஷ்போர்டுல கையால அடிச்சுக்கிட்டே, அப்படித்தான் ஆசீர், அப்படித்தான் ஆசீர்னு சொன்னா."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். எப்சி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன் ஆலயத்தில் திருமண உடன்படிக்கை சொன்னபோது, போதகர் சொல்லச் சொல்ல ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு வீட்டிலும் வெளியிலும் "என்னங்க"தான், மற்றவர்களிடம் "இவரு"தான்.

"பேரச் சொன்னாளா?" என்றார் அக்கா.

"சொன்னா. ரெண்டு தடவ."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அக்கா அழ ஆரம்பித்தார். நானும் அழுதேன். எப்சி போன பிறகு நான் அழுவது இதுதான் முதல் தடவை.